தறிக்கூடத்து சீட்டை தட்டி ஒடைக்கலாமுங்களா?

கேள்வி: ஏனுங்க, எங்க மாமனார் காலத்து தறிக்கூடம், தறிய வித்துட்டோம், இப்ப அதை தடுத்து வீடா வாடகைக்கு விடலாம்னு இருக்கோம். மேல பூரா ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு, ரெண்டு மூணு எடத்துல விரிசல் விட்டு ஒழுகுது. கழட்ட வந்த ஆளு சுத்தியல்ல தட்டி கீழ தள்ளிட்டா அரை நாள் வேலைங்கறாரு, கொழுந்தனாரு ஒடஞ்சத தோட்டத்து வழியில சேத்துக்கு போட்டுக்கலாம்ங்கறாரு. என்ற பொண்ணு கேன்சர் வரும்னு ஒரே சண்டை. நெசமுங்களா?
- வாசகி, சோமனூர்

பதில்: பொண்ணு சொல்றது நெசந்தானுங்க. ஆனா நல்லா இருக்கற சீட்டு தலைக்கு மேல சும்மா கெடந்தா பெருசா பயப்பட ஒண்ணுமில்ல, உள்ள இருக்கற ஆஸ்பெஸ்டாஸ் நார, சிமெண்ட் இறுக்கி புடிச்சு வெச்சிருக்கும். ஒடைக்கறப்ப, கிரைண்டர்ல அறுக்கறப்ப, பாசிய கம்பி பிரஷ் போட்டு தேய்க்கறப்பதான் கண்ணுக்கே தெரியாத நாரு கெளம்பும், அது மூச்சுல போயி நுரையீரல்ல தங்கிரும், நோவு காட்ட 20, 40 வருசங்கூட ஆகும். அதனால "நான் எத்தன சீட்டு ஒடைச்சிருக்கேன், எனக்கென்ன ஆச்சு"ங்கற ஆளு பேச்ச நம்பாதீங்க. கடையில இன்னும் விக்கறாங்களேன்னு கேப்பீங்க, நம்ம நாட்டுல விக்க தடை இல்ல, அவ்வளவுதான்.

சுத்தியல் ஆள மொதல்ல அனுப்பிருங்க. சீட்ட தண்ணி தெளிச்சு நனைச்சு, சீட்ட புடிச்சிருக்கற கொக்கி மாதிரி ஜே போல்ட்ட கழட்டி இல்லன்னா போல்ட்ட மட்டும் வெட்டி, முழுசா எறக்கோணும். ஆடிக்காத்துல வேண்டவே வேண்டாம், பாலக்காட்டு கணவாய் காத்து தூசிய பக்கத்து வீட்டுக்குள்ளயே கொண்டு போயிரும். சீட்டு மேல நேரா கால் வெச்சா ஒடஞ்சு உள்ள விழுந்துருவாங்க, குறுக்கே பலகை போட்டு நிக்கச் சொல்லுங்க (கேன்சருக்காவது வருசம் ஆகும், இது அன்னைக்கே). மூஞ்சில துண்டு கட்டறது பிரயோஜனமில்ல, சாதாரண என்95 மாஸ்க்கும் பத்தாது, பி100னு போட்டிருக்கற நுண்தூசி பில்டர் வெச்ச மாஸ்க்தான் வேணும். கீழ விழுந்தத சீமாறு போட்டு வறட்டுத்தனமா கூட்டாம ஈரத்துணியில தொடைக்கோணும், போட்டிருந்த துணிய வீட்டுத்துணியோட ஊற வெக்காதீங்க.

கொழுந்தனாரு யோசனை இருக்கே, அதுதான் எல்லாத்தயும் விட மோசம். வண்டி ஏறி ஏறி அரைச்சு, கொழந்தைக வெளையாடற மண்ணுல காலத்துக்கும் கெடக்கும். மாட்டுக்கொட்டாய்க்கு குடுங்கன்னு யாராச்சும் கேப்பாங்க, அதுவும் வேண்டாம். தடிப்பான பிளாஸ்டிக்ல ரெண்டு சுத்து சுத்தி, மேல என்னன்னு எழுதி ஒட்டி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட மாவட்ட ஆபீஸ்ல எங்க போடறதுன்னு கேட்டு அவங்க சொல்ற எடத்துக்கு அனுப்புங்க. குப்பை வண்டில ஏத்தாதீங்க.

கேள்வி: பழைய வீட்டு ஜன்னல்ல பச்சை இனாமல் பெயிண்ட் உரியுது, உப்புத்தாள் போட்டு தேச்சுட்டு புதுசு அடிக்கலாமா? மருமவ மாசமா இருக்கா.
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: வறட்டுல தேய்க்காதீங்க. பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக்கூடாதுன்னு சட்டம் அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான், உங்க ஜன்னல் அதுக்கு எவ்வளவோ முந்தினது. ஈயம் வயித்துல இருக்கற கொழந்தை மூளையத்தான் மொதல்ல தாக்கும். தண்ணி தொட்டு தேய்ங்க, சூடு காட்டி உரிக்கவே கூடாது. வேலை முடிஞ்சு தொடைச்சு எடுக்கற வரைக்கும் மருமவள அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பி வைங்க. சுண்ணாம்பு அடிச்ச சுவத்துக்கு இந்த தொந்தரவு இல்லீங்க.