கடற்கரைத் தலங்களில் விமான நிலையத்துக்குச் செயலி டாக்ஸி: கேள்வி பதில்

கேள்வி: விமானத்தை விட்டு இறங்கியதும் வழக்கமான செயலியிலேயே டாக்ஸி பிடித்து விடுதிக்குப் போய்விடலாமா? எல்லாக் கடற்கரை ஊர்களுக்கும் இது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. ஊருக்குள் ஓடும் உரிமை வேறு, விமான நிலைய வளாகத்துக்குள் வந்து பயணியை ஏற்றும் உரிமை வேறு. கோவாவில் உள்ளூர் டாக்ஸிக்காரர்களின் எதிர்ப்பால் ஓலாவும் ஊபரும் வேரூன்றவில்லை. அங்கே 2018-இல் மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் துணையோடு வந்த கோவாமைல்ஸ் செயலியைத்தான் பார்க்க வேண்டும். இந்தோனேசியாவின் பாலி விமான நிலையத்தில் கிராப் என்ற டாக்ஸிச் செயலி நிறுவனத்துக்கென்றே தனிக் காத்திருப்பிடம் இருக்கிறது. மெக்சிகோவின் கான்கூனிலோ செயலி ஓட்டுநர்களுக்கும் டாக்ஸிச் சங்கத்தினருக்கும் இடையிலான பூசல் முற்றி, 2023 ஜனவரியில் அமெரிக்கத் தூதரகமே தன் நாட்டவருக்கு எச்சரிக்கை விடுத்தது. ஆகவே செயலி அந்த ஊரில் இயங்குகிறதா என்று மட்டும் பார்க்காமல், விமான நிலையத்தின் இணையதளத்தில் செயலி வண்டி ஏற்றும் இடம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: கோவாவில் எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. பழைய தபோலிம் விமான நிலையத்தோடு, வடக்கே மோபாவில் 2023 ஜனவரி முதல் இரண்டாவது விமான நிலையமும் இயங்குகிறது. தென்கோடியில் உள்ள பாலோலெமில் தங்குபவர் மோபாவில் இறங்கினால் மாநிலத்தையே வடக்கிலிருந்து தெற்காகக் கடக்க வேண்டும். விமானக் கட்டணத்தில் மிச்சம் பிடித்ததை டாக்ஸி வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: வண்டி வந்துவிட்டது என்று செயலி சொல்கிறது; எதிரே எதுவும் இல்லை. என்ன செய்வது?

பதில்: இதே குழப்பத்தில் நானும் ஒரு நள்ளிரவில் நின்றிருக்கிறேன். வரைபடத்தில் வண்டியின் குறி என் குறியின் மேலேயே இருந்தது. சுற்றிலும் ஒரு வண்டியும் இல்லை. ஓட்டுநர் மேல்தளத்தில், புறப்பாட்டு வாசலில் நின்றிருந்தார். நான் கீழே வருகை வாசலில். வரைபடத்துக்கு மாடி தெரியாது. கான்கிரீட் கூரையின் கீழ் ஜிபிஎஸ் குறியும் தடுமாறும் என்பதால், தளத்தையும் வாசல் எண்ணையும் தூண் எண்ணையும் நீங்களே குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுங்கள். வண்டி வந்தபின் எண் பலகையைச் சரிபார்த்த பிறகே பெட்டியைக் கொடுங்கள்.

கேள்வி: அங்கே போய் உள்ளூர் சிம் வாங்கிச் செயலியைப் பதிவிறக்கிக்கொள்ளலாமா?

பதில்: கிளம்புவதற்கு முன்பே வீட்டிலிருந்து பதிவு செய்துவிடுங்கள். அட்டையை இணைக்கும்போது கேட்கப்படும் ஓடிபி, வங்கியில் பதிந்த உங்கள் பழைய எண்ணுக்குத்தான் வரும். அந்தச் சிம் பர்ஸுக்குள் கிடந்தால் வாசலில் தவிக்க நேரிடும்.

கேள்வி: செயலியில் ரத்து செய்துவிட்டு ரொக்கமாகத் தாருங்கள் என்று ஓட்டுநர் கேட்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ரத்து செய்த நொடியிலேயே பயணப் பதிவு, கட்டண உறுதி, புகார் செய்யும் வழி எல்லாம் போய்விடும். அவர் தரப்பில் தரகுத் தொகை குறித்த நியாயமான குறை இருக்கலாம். அதற்கு உங்கள் பாதுகாப்பை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: திரும்பும்போது விடியற்காலை 3 மணிக்கு விடுதியிலிருந்து கிளம்ப வேண்டும். செயலியில் முன்பதிவு செய்தால் போதுமா?

பதில்: பலரும் ஏமாறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வரும்போது எந்நேரமும் விமான நிலையத்தை ஒட்டி வண்டிகள் காத்திருக்கும். திரும்பும்போது நீங்கள் இருப்பது ஊரடங்கிய ஒரு கடலோரக் கிராமம். பல செயலிகளில் முன்பதிவு என்பது, குறித்த நேரம் நெருங்கும்போது ஓட்டுநரைத் தேடத் தொடங்குவது மட்டுமே. வண்டி ஒன்றை உங்களுக்கென்று நிறுத்தி வைப்பது ஆகாது. போதாக்குறைக்கு, பாலியின் சில பகுதிகளில் செயலி வண்டி வந்து ஆளேற்றக் கூடாது என்று உள்ளூர்க்காரர்கள் பலகையே வைத்திருக்கிறார்கள். எனவே செயலியில் கட்டணத்தை மதிப்பிட்டுக்கொண்டு, முந்தைய நாள் மாலையே விடுதி வரவேற்பில் வண்டியைப் பேசி, ஓட்டுநரின் கைபேசி எண்ணை வாங்கி, படுக்கும் முன் ஒருமுறை அவரிடம் நேரடியாகப் பேசிவிடுங்கள். கட்டணம் சற்றுக் கூடினாலும் விமானத்தைத் தவறவிடுவதோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான். பகலில் கிளம்புபவர்களும், ஊருக்குள் தங்குபவர்களும் தாராளமாகச் செயலியை நம்பலாம். விமான நிலையத்தில் இறக்கிவிடுவதற்குப் பொதுவாக எங்கும் ஏற்றுவதற்கு இருக்கும் அளவு தடை இருப்பதில்லை.