ஹாலந்து துணி ஆப்பிரிக்க அடையாளமா?

கேள்வி: ஆப்பிரிக்க உடை என்றதும் நினைவுக்கு வரும் பளிச்சென்ற மெழுகு அச்சுத் துணி ஹாலந்து சரக்காமே? அதைப் போய் ஆப்பிரிக்க அடையாளம் என்கிறார்களே?

பதில்: சரக்கு ஹாலந்துதான், ஒப்புக்கொள்கிறேன். மெழுகு பூசிச் சாயமேற்றும் ஜாவாவின் பாத்திக் துணியை இயந்திரத்தில் நகலெடுத்த டச்சுக்காரர்களுக்கு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவில்தான் வியாபாரம் சூடுபிடித்தது. 1846இல் அந்நாட்டின் ஹெல்மாண்ட் நகரில் தொடங்கிய விலிஸ்கோ என்ற துணி நிறுவனம் இன்றும் அந்தச் சந்தையை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் துணிக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது அங்குள்ள பெண்கள். கூண்டிலிருந்து பறவை பறக்கும் ஓர் அச்சுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘நீ வெளியே போனால் நானும் போவேன்’. அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரர் முன்னால் நின்றாலே போதும், தனியாகச் சண்டை எதற்கு? டோகோவின் லோமேயில் இதை மொத்தமாக விற்றே பென்ஸ் கார் வாங்கிய பெண்களை ‘நானா பென்ஸ்’ என்றே அழைத்தார்கள்.

சரி, உள்ளூர்த் தறியில் நெய்ததுதான் வேண்டுமென்றால் கானாவின் கென்டே இருக்கிறது. அசாந்தே, ஈவே இன நெசவாளர்கள் குறுகிய பட்டைகளாக நெய்து, அப்புறம் ஒன்றோடொன்று தைத்துச் சேர்ப்பார்கள். அதிலும் ஒரு வேடிக்கை, பழைய அசாந்தே கென்டேயின் பட்டு நூல் இறக்குமதித் துணியைப் பிரித்தெடுத்ததுதான்!