பினாங்கில் காடி (கார்) இல்லாமல் சைக்கிளோடு வாழ எதை வாங்கலாம், எங்கே சுற்றலாம்?

கேட்டவர் கோலாலம்பூரிலிருந்து பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்கு வேலை மாறி, கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் வீடு பார்க்கிறார். காடி வாங்கும் எண்ணம் இல்லையாம். எந்த மடக்கு சைக்கிள், என்னென்ன கருவிகள், ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஓவியம், வடிவமைப்பு என்று என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். நானும் அக்கரையில் குடியிருந்து தீவுக்கு வேலைக்குப் போகிறவன்தான். அதனால் சொல்கிறேன்.

பெர்ரி ஏற மடக்கு சைக்கிள்தான் வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. 2021 முதல் பெர்ரியில் காடி ஏறுவதில்லை. 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய நான்கு புதிய பெர்ரிகளும் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் சைக்கிளையும் மட்டும்தான் ஏற்றுகின்றன. முழு சைக்கிளையே தள்ளிக்கொண்டு போய் நிற்கலாம். பாலம் இரண்டு இருந்தும் சைக்கிளுக்கு அங்கே அனுமதி கிடையாது, அதனால் கடலைத் தாண்ட நமக்குப் பெர்ரிதான். மடக்கு சைக்கிள் கைகொடுக்கும் இடங்கள் வேறு: அடுக்குமாடி லிஃப்ட், அலுவலக மேசைக்கு அடி, நண்பர் காடியின் பின்பெட்டி. இந்த மூன்றும் உங்களுக்குப் படாது என்றால் சாதாரண சைக்கிளே வாங்கிக்கொள்ளுங்கள், பணம் மிச்சம்.

மடக்குதான் வேண்டும் என்றால் பேச்சு உடனே பிராம்டனுக்குப் போய்விடும். ஆண்ட்ரூ ரிட்சி என்ற ஆங்கிலேயர் 1970களின் நடுவில் லண்டனில் தன் வீட்டில் உருவாக்கிய வண்டி அது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பிராம்டன் ஒரேட்டரி தேவாலயத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார். பின்சக்கரம் கீழே சுருண்டு போய், அதுவே ஸ்டாண்டாக நிற்கும். முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பி வந்து சங்கிலியை மறைத்துக்கொள்ளும், ஆகவே தூக்கும்போது கிரீஸ் உங்கள் சட்டையில் ஒட்டாது. மடித்தால் ஏறக்குறைய 58 செ.மீ. நீளம், 27 செ.மீ. அகலம். வடிவமைப்பு என்று கேட்டீர்களே, நான் காட்டுவது இதைத்தான். அத்தனை வருடங்களுக்கு முன் யோசித்த மடிப்பை இன்றுவரை பெரிதாக மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஜார்ஜ்டவுனுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். விலை ஒரு காரணம். சக்கரம் 16 அங்குலம் என்பது அதைவிடப் பெரிய காரணம். இந்த ஊர்த் தெருக்களில் சாக்கடை மூடிக் கம்பிகளும், வெட்டி ஒட்டிய தார் மேடுகளும் நிறைய. சக்கரம் சிறிதாக ஆக ஒவ்வொரு குழியும் முதுகுத்தண்டில் கணக்கு எழுதும். 20 அங்குலச் சக்கரத்தில், நடுவில் ஒரே இடத்தில் மடிகிற வண்டி போதும். 1982-இல் தொடங்கிய டாஹோன், அந்தக் குடும்பத்திலிருந்தே பிரிந்து 2011-இல் வந்த டெர்ன், இரண்டிலும் பழைய வண்டிகள் நியாயமான விலைக்குக் கிடைக்கும். வாங்குமுன் மடிப்புக் கீலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அங்கே லூசாக இருந்தாலும் பற்ற வைத்த இடத்தில் விரிசல் தெரிந்தாலும் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். கடல் காற்று ஊர் என்பதால் போல்ட்டுகளில் துரு ஏறியிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

சரி, கருவிகள். நல்ல பின்விளக்கு, கனமான யு பூட்டு, இரண்டுக்கும் தாராளமாகச் செலவு செய்யலாம். திருடு போனால் கண்டுபிடிக்க, ஆப்பிளின் ஏர்டேக் போன்ற இருப்பிடம் காட்டும் சிறு வில்லைகளை வண்டியில் ஒளித்து வைப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. அதில் ஜிபிஎஸ் கிடையாது, பக்கத்தில் இருக்கிற ஆப்பிள் கருவிகள் வழியாகத்தான் இருப்பிடம் தெரியும். அதோடு, முன்பின் தெரியாத ஏர்டேக் ஒன்று ஒருவரோடு கூடவே வந்தால் அவருடைய போனுக்கு எச்சரிக்கை போகும். பின்தொடர்ந்து தொல்லை தருவதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது, திருடனுக்கும் உதவிவிடுகிறது. பூட்டுக்குப் பதில் அது ஆகாது. காதை மூடாத, எலும்பு வழியாக ஒலி கடத்தும் இயர்போன் மட்டும் எனக்குப் பிடித்த ஆடம்பரம். பின்னால் வரும் மோட்டார் சத்தம் கேட்க வேண்டுமே. போன் ஸ்டாண்டு வேண்டாம். ஊர் அவ்வளவு சிறியது, வழி தவறினால்தான் சுவாரஸ்யம்.

இனி ஓவியம். ஆர்மேனியன் தெருவில் சுவரில் நிஜ சைக்கிளைப் பொருத்தி இரண்டு குழந்தைகளை வரைந்திருக்கும் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னெஸ்ட் சக்கரேவிச் 2012-இல் வரைந்தது. படம் நல்ல படம், அதன் முன் நிற்கும் வரிசைதான் தாங்காது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம். எனக்கு அதைவிடப் பிடித்தவை தெருமுனைகளில் இருக்கும் இரும்புக் கம்பிக் கேலிச்சித்திரங்கள். கறுப்புக் கம்பியை வளைத்து, அந்தத் தெருவின் கதையை அந்தத் தெருவிலேயே சொல்லியிருக்கிறார்கள். காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ செருப்புத் தைக்கப் பழகிய இடத்தில் அவரைப் பற்றிய ஒன்று நிற்கிறது. காடியில் போனால் இவை கண்ணில் படாது, சைக்கிள் வேகத்தில்தான் படும். அஞ்சடியில், அதாவது கடைவீடுகளின் முன்னால் கூரைக்கடியில் போகும் நடைபாதையில், பதித்த பழைய பூக்கல்லும் (பூ வேலை செய்த தரை ஓடு) அப்படித்தான். ஆனால் அஞ்சடிக்குள் சைக்கிள் ஓட்டாதீர்கள். இறங்கித் தள்ளுங்கள், பாதி இடத்தை மோட்டார்கள் பிடித்திருக்கும்.

அப்புறம் ஜாலான் குருத்துவாராவில் ஹின் பஸ் டிப்போ. 1940களில் கட்டிய பேருந்துக் கிடங்கு. 2014-இல் சக்கரேவிச்சின் கண்காட்சியோடு கலைக்கூடமாக மறுபிறப்பு எடுத்தது. கூரை இல்லாத பகுதியில் புல்லும் சுவரோவியமும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மட்பாண்டம், அச்சுப்படம், கைத்தையல் பை எல்லாம் கிடைக்கும். விலை கொஞ்சம் கூடத்தான். செய்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பதால் எனக்கு அது உறுத்துவதில்லை.

கையில் காசு குறைவா? நகர விளையாட்டு அரங்கத்துக்குப் பக்கத்தில் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்குக் காலையிலேயே போங்கள். பழைய கைக்கடிகாரம், பிலிம் கேமரா, எனாமல் கூஜா, தனித்தனி சைக்கிள் பாகங்கள் எல்லாம் தரையில் பரப்பியிருக்கும். கண்ணாடி அலமாரிக் கடைகளில் பழம்பொருள் என்று விற்பதில் பாதி இங்கே சாதாரண சாமானாகக் கிடக்கும். டைனமோ விளக்கு எடுத்தால் சக்கரத்தில் வைத்துச் சுற்றி எரியவைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் வெள்ளியை நீட்டுங்கள், எந்த அண்ணனும் கோபித்துக்கொள்ள மாட்டார்.