ரோட்டவேட்டர் ஓட்டிய காட்டில் பவுன் சங்கிலி: டிடெக்டர் ஏன் கத்திக்கொண்டே இருக்கிறது?

கேள்வி: சேலம் பக்கம் கஞ்சமலை அடிவாரத்தில் எங்கள் காட்டில் கடலைக்கொடி பிடுங்கும்போது மூன்றரைப் பவுன் சங்கிலி விழுந்துவிட்டது. பிறகு ரோட்டவேட்டரும் ஓட்டிவிட்டோம். வாடகைக்கு எடுத்த மெட்டல் டிடெக்டர் வைத்த இடமெல்லாம் கத்துகிறது. என்ன செய்வது?

கத்துவது மெஷின் கோளாறு இல்லை, உங்கள் மண். கஞ்சமலையே மேக்னடைட் இரும்புக்கல் மலை. மழையில் அரித்து வரும் கருமணல் அடிவாரக் காடுகளில் கலந்து கிடக்கும். காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டு மண்ணில் இழுத்துப் பாருங்கள், மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு வரும்.

ஆகவே முதல் வேலை கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் சத்தத்தை மெஷின் ஒதுக்கும்படி சரிசெய்வது. உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலை (தரைமேல் வீசும் தட்டை) முழங்கால் உயரத்திலிருந்து தரைக்கு 3 செ.மீ. வரை இறக்கி ஏற்றுங்கள். இறக்கும்போதும் ஏற்றும்போதும் சத்தம் ஒரே மாதிரி ஆகும்வரை சரிசெய்யுங்கள். மண்ணின் நிறம் மாறினால் மறுபடி செய்ய வேண்டும். சென்சிட்டிவிட்டியைக் கூட்டினால் ஆழம் கூடும் என்று நினைக்காதீர்கள். இந்த மண்ணில் இரைச்சல்தான் கூடும், சன்னமான சத்தம் அதில் மூழ்கிவிடும். மெஷின் அமைதியாகும்வரை குறையுங்கள். காயில் வளையத்துக்குள் வளையமாக இருக்கும் கான்சென்ட்ரிக் வகை என்றால், D வடிவச் சுருள் இரண்டு சேர்ந்த டபுள் டி காயில் கேட்டு வாங்குங்கள், இரும்பு மண்ணை அது நன்றாகத் தாங்கும். போர் மோட்டாரை நிறுத்துங்கள். செல்போன், கொலுசு, மண்வெட்டி எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

அடுத்தது, சங்கிலி ஒரு மோசமான இலக்கு. மோதிரம் மூடிய ஒரே வளையம், மெஷின் தூண்டும் மின்னோட்டம் அதில் நன்றாகச் சுற்றும். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிக் குட்டி வளையம். அதனால் 28 கிராம் தங்கம் கிடந்தாலும் மெஷினுக்குத் தெரிவது கொக்கியும் டாலரும்தான். அதுவும் மெஷின் திரையில் காட்டும் எண்ணில் அலுமினியத் தாள், இரும்பு வரும் இடத்திலேயே விழும். வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷன் போட்டு இரும்பை வெட்டினால் சங்கிலியும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிடும். எதையும் ஒதுக்காத ஆல் மெட்டல் முறையில் மட்டும் தேடுங்கள். பல்ஸ் இண்டக்‌ஷன் மெஷின் (துடிப்பு அனுப்பி, நிறுத்தி, எதிரொலியைக் கேட்கும் வகை) ஆழம் போகும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் மெல்லிய கண்ணிகளின் எதிரொலி அது கேட்கத் தொடங்கும் முன்பே அடங்கிவிடும்.

தேடும் முன் அதே கனத்தில் வேறொரு சங்கிலியை நூல் கட்டிய பையில் போட்டு 5, 8, 10 செ.மீ. ஆழத்தில் புதைத்துக் கேளுங்கள். எந்த ஆழத்தில் சத்தம் நிற்கிறதோ அதுதான் உங்கள் மெஷினின் எல்லை. ரோட்டவேட்டர் பொதுவாக 10 முதல் 15 செ.மீ. வரை கிளறும். ஆகவே ஒரு தடவை முழுக்கத் தேடிவிட்டு, மேல்மண்ணை 5 செ.மீ. வழித்து ஒதுக்கி, பேலன்ஸ் செய்து மறுபடி தேடுங்கள். ஆழத்தை மெஷினிடம் கேட்காமல் மண்வெட்டியிடம் கேட்பதுதான் இங்கே வழி.

கயிறு கட்டி ஒரு மீட்டர் பட்டையாகப் பிரியுங்கள். காயிலைத் தரையோடு ஒட்டி, மெதுவாக, பாதிக்குப் பாதி மேலேறும்படி வீசுங்கள். சத்தம் வந்தால் 90 பாகை திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். ஆணி ஒரு திசையில் நன்றாகவும் மறு திசையில் உடைந்தும் கேட்கும். நீளமாகக் கிடக்கும் சங்கிலியும் அப்படிக் கேட்கலாம், அதனால் ஒதுக்காமல் தோண்டுங்கள். தோண்டிய மண்ணைப் பிளாஸ்டிக் முறத்தில் அள்ளிக் காயிலுக்கு மேலே காட்டுங்கள். இரும்புக்கல் என்றால் காந்தம் பிடித்துக்கொள்ளும்.

இதைச் சொன்னால் புதையல் தேடக் கற்றுக்கொடுப்பதாகச் சிலர் வருவார்கள். சொந்தக் காட்டில் சொந்த நகையைத் தேடுவது வேறு. பழைய புதையல் ஏதும் தட்டுப்பட்டு, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வனத்துறையின் காப்புக்காட்டு எல்லைக்குள் கால் வைக்காதீர்கள். எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது, 50 அடி ஆழத்துத் தங்கத்தை மட்டும் காட்டும் என்று ஆன்டெனாக் கம்பி விற்கிறவர்கள் மேல்தான். நகையைத் தொலைத்தவர்களிடமே மேலும் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கருவி கிடையாது.

ஒரு துண்டு கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். ரோட்டவேட்டர் கத்தி சங்கிலியை அறுத்திருக்கும். டிராக்டர் போன திசையில் அதே சாலில் முன்னும் பின்னும் தேடுங்கள், கொக்கி இல்லாத துண்டுக்குச் சத்தமே வராமல் போகலாம் என்பதால் அந்தச் சால் மண்ணைச் சல்லடையில் சலித்துவிடுங்கள்.