சோழகம் கிழித்த வாழையிலை

கேள்வி: எங்கள் வளவில் முப்பது வாழை நிற்கிறது. சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கின நாள் முதல் ஒரு இலையும் முழுதாக இல்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தலைவாழை இலைக்கு நல்ல கிராக்கி. விற்க ஒன்றும் தேறவில்லை. வேலியோரப் பனைக்கோ ஒரு கீறலும் இல்லை. இது நோயா? மருந்து அடிக்கலாமா?
– வாசகி, நீர்வேலி

பதில்: மருந்துக்குக் காசைக் கொட்டிப் போடாதேங்கோ, தங்கச்சி. வாழையிலை நரம்புகள் நடுத்தண்டிலிருந்து ஓரம் வரை சீப்புப் பல் மாதிரிப் போகின்றன. குறுக்கே இழுத்துப் பிடிக்க உறுதியான நரம்பு கிடையாது. விளிம்பில் ஒரு வெடிப்பு விழுந்தால் நரம்போடு நரம்பாக நடுத்தண்டு வரை ஓடிவிடும். கிழிந்த துண்டுகள் சாய்ந்து காற்றுக்கு வழி விடும். எட்டடி இலை பாய் மாதிரி விரிந்தபடியே நின்றால் மரமல்லவோ சரியும்! காம்பும் தண்ணி ஓடுகிற பீலி மாதிரிக் குழிந்தது. பாரம் தாங்கும், முறுக்கினால் லேசாகத் திரும்பும். ஒன்றை வெட்டிக் கையால் முறுக்கிப் பாருங்கோ.

பனையோலை விசிறி மடிப்பு. கடதாசியை மடித்தால் வருகிற விறைப்புத்தான் அதற்கும். மடிப்புக்கு மடிப்பு ஈர்க்கு வேறு. நுனிப்பக்கம் ஏற்கெனவே பிரிந்து கிடப்பதால் காற்று ஊடாலே போய்விடும். வாழை கிழிபட்டுப் பெறுவதைப் பனை பிறக்கும்போதே கொண்டு வந்துவிட்டது.

நான் பயப்படுவது உங்கள் குலைகளுக்கு. 2008 கார்த்திகையில் நிஷா புயல் மழையோடு வந்தபோது எங்கள் வளவில் குலை போட்ட வாழை எல்லாம் படுத்தது. குட்டிகள் இலை தும்பாகியும் நின்றன. வாழைமரமென்று நாங்கள் சொல்வது மடல்கள் சுற்றிய சுருள், உள்ளே வைரம் கிடையாது. குலை பாரம் வைக்க முன்னம் கவைத்தடியால் முண்டு கொடுங்கோ.

தென்மேற்குப் பக்கம் என்ன வேலி என்று நீங்கள் எழுதவில்லை. தகரமோ மதிலோ என்றால் காற்று மேலால் ஏறி உள்ளே சுழன்று விழும். கிளுவையும் பூவரசும் நெருக்கி நட்ட வேலி பாதியை விட்டுப் பாதியை மறிக்கும், அதுதான் நல்லது. (எங்கள் வீட்டிலும் இப்ப மதில்தான். பிள்ளைகள் கட்டினார்கள், நான் வாய் திறக்கவில்லை.)

இலை விற்கிறதென்றால் குருத்து விரிந்த கையோடு வெட்டுங்கோ. ஓயாமல் வெட்டின மரத்தில் குலை சிறுக்கும். இலைக்கென்றே நாலு மரத்தை வீட்டு மறைப்பில், சோழகம் படாத பக்கம் வையுங்கோ.