'கால் ஆஃப் தி சீ' (Call of the Sea) வீடியோ விளையாட்டில் புதிர் நகரவே இல்லையென்றால் எங்கே தவறுகிறது?

பெரும்பாலும் யோசனையில் அல்ல, துப்புச் சேகரிப்பில்தான். 2020-இல் வெளிவந்த இந்த ஸ்பானிய விளையாட்டில் சண்டை கிடையாது. பார்ப்பதும் பொருத்துவதும்தான் வேலை. தொலைந்த கணவரைத் தேடி 1934-இல் தென் பசிபிக் தீவுக்கு வரும் நோரா, முக்கியமானதைப் பார்த்ததும் தன் குறிப்பேட்டில் தானாகவே வரைந்துகொள்வாள். ஆனால் நீங்கள் அருகே போய் அந்தப் பொருளைத் தொட்டுப் பார்த்தால்தான் அது பதிவாகும். தூரத்திலிருந்து சுவரோவியத்தைக் கண்டது கணக்கில் வராது.

ஆகவே, சக்கரத்தையோ நெம்புகோலையோ குருட்டாம்போக்கில் திருப்பாதீர்கள். முதலில் கூடாரங்கள், கடிதங்கள், புகைப்படங்கள், கல்வெட்டுகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, எந்தக் குறி எதனோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். குறிகளின் வடிவம் மட்டும் போதாது. அவை இருக்கும் வரிசையும் திசையும் பல இடங்களில் விடையின் பாதி. விளையாட்டில் ஆறு அத்தியாயங்கள். ஒரு புதிருக்கான துப்பு அதே அத்தியாயத்திலேயே கிடைத்துவிடும், முந்தைய இடங்களுக்குத் திரும்ப அலைய வேண்டாம்.

கடிதங்களை அவசரமாகத் தாண்டாதீர்கள். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் தாக்கம் உள்ள கதை என்றாலும் இது பயமுறுத்துவதைவிட நோரா யார் என்பதைத்தான் மெல்ல அவிழ்க்கிறது. அதன் அழகு முழுக்க அந்தக் காகிதங்களில்தான்.