அப்பத்தாவை மட்டும் கேலி செய்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பேரத்தைக் கேலி செய்து நான் வரைந்த 8 பக்கச் சித்திரக்கதையை அனுப்பியிருந்தேன். அதில் சீர் கேட்டு ஆட்டிவைப்பது மாப்பிள்ளையின் அப்பத்தா. படித்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்கே பிசகியது?

காரைக்குடி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பழி முழுவதும் அப்பத்தா தலையில் விழுந்ததால் மற்றவர்கள் தப்பித்துவிட்டார்கள். 3-ஆம் பக்கத்தில் ஓரமாக நிற்கும் மாப்பிள்ளையை முன்னால் இழுங்கள். "எனக்கு ஒண்ணும் வேணாம், அப்பத்தாதான் ஆசைப்படுறாக" என்று அவன் சொல்லட்டும். அப்போது அவன் கண் கார் சாவி மேல் இருக்கட்டும். வாய் ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொன்னால்தான் கேலி பிறக்கும். அதற்கும் மேலே "இதுதான் இன்றைய இளைஞர்" என்று பெட்டி கட்டி எழுதியிருக்கிறீர்கள். எல்லாப் பெட்டிகளையும் எடுத்துவிடுங்கள்.

பெண் வீட்டார் உங்கள் கதையில் அழுவதோடு சரி. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் கொடுப்பதையும் குற்றம் என்றே சொல்கிறது. "ஒங்க பொண்ணுக்கு நீங்க செய்றீக, நாங்க என்னத்தக் கேட்டோம்?" அருமையான வசனம் இது. முதலில் மாப்பிள்ளையின் அப்பச்சி, அதாவது அப்பா, சொல்லட்டும். பிறகு, தன் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பச்சியே சொல்லட்டும், ஓர் எழுத்து மாறாமல். அதை 6-ஆம் பக்க முதல் கட்டத்தில் வையுங்கள். தாளைப் புரட்டியதும் கண்ணில் அறையும்.

சாமான் பரப்பும் காட்சியை ஒரு சின்னக் கட்டத்தில் அடைத்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம். இரண்டு ஏ4 தாளை மடித்துப் பின் அடித்தால் 8 பக்கம். உள்ளே விரிக்கும்போது 4, 5 மட்டுமே ஒரே தாளில் அமையும். படம் நடுவில் விலகாது. வீட்டின் நடு முற்றமான வளவு முழுவதும் அங்கே விரியட்டும்: தூணுக்குத் தூண் எவர்சில்வர் அடுக்கு, வெள்ளிக் குடம், மெத்தை, நடுவே பட்டியலோடு விலை கூட்டும் மாமா. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூவை எல்லா இடத்திலும் இழைக்காதீர்கள். ஏ3-இல் வரைந்து பாதியாகச் சுருக்கும்போது நெருக்கமான கோடெல்லாம் கறுப்பாக அப்பிக்கொள்ளும். கால் படும் இடத்தில் நாலு கல் போதும்.

வசனத்தைச் சுற்றும் பலூனை முதலில் வரைந்துவிட்டு எழுத்தைத் திணித்திருக்கிறீர்கள். அதனால் 'கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்' மூன்று வரியாக உடைந்து கிடக்கிறது. வசனத்தைப் பேச்சுக்கு மாற்றினால் 'கேட்டுக்கிட்டிருக்காக' என்று சுருங்கும். பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போனால் இரண்டு பலூனாகப் பிரியுங்கள். மேல் வரியின் 'கூ' வால் கீழ் வரியின் 'கீ' கொக்கியில் இடிக்காதபடி இடைவெளி விட்டு எழுதி, பிறகு சுற்றிக் கோடு போடுங்கள்.